மெய்நிகர் கணினியில் மூன்றே நொடியில் மறையும் ட்ரோஜன்: உதவி தேவை

குலசேகரம் மாணவன், இரவு 9.40
ரப்பர் ஷீட் கடை நடத்தும் என் மாமாவுக்கு 'பில்' என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்த கோப்பு, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ட்ரோஜன் என்று ஐயப்படுகிறேன். கணினிக்குள் கணினியாக ஓடும் விர்ச்சுவல்பாக்ஸில் இயக்கினால் மூன்று நொடி தெரிந்துவிட்டு மறைந்துவிடுகிறது. வலைப் போக்குவரத்தைப் பதிவுசெய்யும் வயர்ஷார்க்கில் எதுவும் பதிவாகவில்லை. நாளை மறுநாள் கல்லூரியில் இதைக் காட்ட வேண்டும். என்ன செய்யலாம்?

வேளிமலை, 9.52
எந்த விண்டோஸ், மெய்நிகர் வட்டு எத்தனை ஜிபி, நெட்வொர்க்கை எப்படி அமைத்திருக்கிறீர்கள், கோப்பு டாட்நெட் என்ற மைக்ரோசாஃப்ட் நிரல் தளத்தில் எழுதப்பட்டதா? இவற்றுள் ஒன்றைக்கூட எழுதவில்லையே.

தெங்கம்புதூரான், 10.05
விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் பிடித்து அழித்திருக்கும். எனக்கு இரண்டு முறை இப்படித்தான் ஆனது.

பழைய கை, 10.20
தம்பி, இது காலையில் கற்று மாலையில் செய்துவிடும் ரப்பர் பால்வெட்டு அல்ல. முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

குலசேகரம் மாணவன், 10.31
ஐயா, பால்வெட்டையும் ஒரு நாளில் கற்க முடியாது. பட்டையில் கத்தி ஆழமாக இறங்கினால் மரம் கெட்டுவிடும். விண்டோஸ் 10, வட்டு 50 ஜிபி, டாட்நெட் கோப்பு. டிஃபெண்டரை முன்பே நிறுத்திவிட்டேன். வெளி இணைப்பு கிடையாது, இணையம்போல் நடிக்கும் ஃபேக்நெட் மட்டும் ஓடுகிறது.

வேளிமலை, 10.48
வட்டின் அளவை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 2019இல் மூலநிரலோடு வெளியான அசிங்க்ராட் என்ற ட்ரோஜன் வகையாக இருந்தால், அதன் இயல்பான அமைப்பில் மூன்று நொடி காத்திருந்து, பிறகு, ஆய்வுக் கணினியைக் கண்டறியும் தற்காப்பு முடுக்கப்பட்டிருந்தால், தயாரிப்பாளர் பெயரில் விஎம்வேர் இருக்கிறதா, மாதிரிப் பெயர் விர்ச்சுவல்பாக்ஸா, நிரல்களைத் தனியே அடைத்து இயக்கும் சாண்ட்பாக்ஸியின் நூலகம் ஏற்றப்பட்டிருக்கிறதா, வட்டு 61,00,00,00,000 பைட்டுக்குள் அடங்குகிறதா (உங்கள் 50 ஜிபி அடங்கும்) என்றெல்லாம் பார்த்து, ஏதேனும் ஒன்று பொருந்தினாலும் தன்னையே முடித்துக்கொள்ளும். உங்கள் மூன்று நொடி இதனோடு ஒத்துப்போகிறது. வட்டை மட்டும் பெரிதாக்கினால் போதாது. டாட்நெட் கோப்பைப் பிரித்துக் காட்டும் டிஎன்ஸ்பையில் திறந்து அந்தச் சோதனைப் பகுதியைப் படியுங்கள். இயக்கித்தான் பார்க்க வேண்டுமென்றால், எந்த வலையிலும் சேராத பழைய மடிக்கணினியில் பார்த்துவிட்டு, பிறகு அதை முழுதும் அழித்துவிடுங்கள்.

தெங்கம்புதூரான், 11.02
அது என்ஜேராட் என்ற இன்னொரு ட்ரோஜனாகவும் இருக்கலாம். 5552 துறைக்கு (போர்ட்) போகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பழைய கை, 11.10
துறை எண்ணை வைத்து ட்ரோஜனின் குடும்பப் பெயர் சொல்வது தவறு. என்ஜேராட்டுக்கு 5552, அசிங்க்ராட்டுக்கு 6606, 7707, 8808 ஆகியவை இயல்பான எண்கள் மட்டுமே. அனுப்பியவன் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம்.

தெங்கம்புதூரான், 11.16
சோம்பேறிகள் மாற்றுவதில்லை ஐயா. நான் பார்த்தவற்றில் பாதி அப்படியே இருந்தன.

பழைய கை, 11.19
அந்த 'பாதி'யை ஆய்வறிக்கையில் எழுத முடியுமா?

மார்த்தாண்டம் கணக்காளர், 11.34
துறை எண் கிடக்கட்டும். மாமாவின் கடைக் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தாரா? திறந்திருந்தால் முதலில் இணையக் கம்பியைப் பிடுங்குங்கள்; வங்கிக் கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்; பணம் போயிருந்தால் இணையக் குற்ற உதவி எண் 1930க்கு உடனே அழையுங்கள்.

வேளிமலை, 11.41
ஆம், இதுதான் முதல் வேலை. கோப்பைப் பொதுத் தளங்களில் ஏற்ற வேண்டாம், அதன் கைரேகை போன்ற எஸ்.எச்.ஏ.-256 மதிப்பை மட்டும் தேடிப் பாருங்கள். தானாகத் தொடங்குபவற்றைக் காட்டும் ஆட்டோரன்ஸில் ரெஜிஸ்ட்ரியின் ரன் சாவியையும், திட்டமிட்ட பணிகளையும் பாருங்கள். நிர்வாகி உரிமை கிடைத்திருந்தால் இரண்டாவது வழியில்தான் தங்கியிருக்கும்.

குலசேகரம் மாணவன், மறுநாள் மாலை 6.15
மாமா திறந்திருந்தார். கம்பியைப் பிடுங்கிவிட்டோம், கடவுச்சொற்களை மாற்றிவிட்டோம், பணம் எதுவும் போகவில்லை. பழைய மடிக்கணினியில் ஓடியது. ஃபேக்நெட்டில் 6606 வந்தது. டிஎன்ஸ்பையிலும் வட்டுச் சோதனை அப்படியே இருந்தது. நன்றி.

தெங்கம்புதூரான், 6.22
சோம்பேறிதான்.