மறு: பிரெட்கிரம்புக்குத் தமிழில் என்ன? (செஸ் சங்கத் தளம்)

எல்லாருக்கும் வணக்கம்.

இழையில் இப்போதுதான் சேர்ந்தவர்களுக்காக முதலில் நிலவரம். ஒரு மாவட்ட செஸ் சங்கத்தின் தளத்தை, வருகிறவர் தேடி வந்தது சட்டென்று கையில் கிடைக்கும்படி மாற்றி அமைத்துக்கொண்டிருக்கிறோம். மெனுவுக்கான சொற்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. பக்கத்தின் தலைமாட்டில் ‘முகப்பு › போட்டிகள் › மாவட்டப் போட்டி › 11 வயதுக்குட்பட்டோர் › 5ஆம் சுற்று’ என்று ஒரு வரி வருமே, அந்த பிரெட்கிரம்புக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை.

> வந்த வழியைக் காட்டுவதால் ‘வழிச்சுவடு’ என்று வைக்கலாமே? கேட்கவும் நன்றாக இருக்கிறது.

ஐயா, சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரி வந்த வழியைக் காட்டுவதில்லை. இந்தப் பக்கம் தளத்தில் எதற்குள் எது என்ற அடுக்கில் எங்கே இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. செஸ் தளத்தில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியம்.

போட்டி நாளில் நடப்பதைப் பாருங்கள். சுவிஸ் முறையில், அதாவது ஏறக்குறைய ஒத்த புள்ளி எடுத்தவர்களை மோதவிடும் முறையில், ஒரு சுற்றின் முடிவுகள் எல்லாம் வந்து சேர்ந்தால்தான் அடுத்த சுற்றின் பேரிங் (யாரோடு யார் ஆடுவது என்ற பட்டியல்) போட முடியும். அதுவரை பெற்றோர் அரங்கத்துக்கு வெளியே மொபைலைப் பார்த்தபடி காத்திருப்பார்கள். பேரிங் வந்ததும் யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தின் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுவார். மற்றவர்கள் அதைத் தொட்டு நேராக 5ஆம் சுற்றுக்குள் வந்து விழுவார்கள். முகப்பை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். வந்த பக்கமோ ‘5ஆம் சுற்று’ என்ற தலைப்போடு பெயர்களை அடுக்கிக்கொண்டே போகும். இது 9 வயதுப் பிரிவா, 11 வயதுப் பிரிவா? பொதுப் பிரிவா, சிறுமியர் பிரிவா? தெரியாமல் ஓர் அம்மா பட்டியலை மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிள்ளையின் பெயர் அதில் இல்லை, ஏனென்றால் அது வேறு பிரிவின் பக்கம். அவர் எந்த வழியாக வந்தார் என்று காட்டி என்ன பயன்? அதற்கு உலாவியிலேயே பின்செல்லும் பொத்தான் இருக்கிறது. அவருக்கு வேண்டியது தான் நிற்கும் இடமும், அங்கிருந்து ஒரு படி விலகிப் பிரிவுகளின் பட்டியலுக்குப் போக ஒரு வழியும்தான். ‘சுவடு’ என்று வைத்தால், நாளைக்கு இதை எழுதப்போகும் நிரலாளர் பார்த்த பக்கங்களை வரிசையாகக் காட்டும் ஒன்றை எழுதிவிடுவார். பெயர் அப்படித்தானே சொல்கிறது.

> ‘ரொட்டித்துணுக்கு’ என்று நேராகப் பெயர்த்தால் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகுமே.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பெயர் கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மன் நாட்டார் கதையிலிருந்து வந்தது. காட்டுக்குள் கொண்டுபோய் விடப்படும் பிள்ளைகள் வீடு திரும்ப வழி தெரியவேண்டும் என்று ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே போவார்கள், பறவைகள் அதைத் தின்றுவிடும். கதை தெரிந்தவருக்கு அந்தப் பெயர் ஏதோ சொல்லும். தெரியாதவருக்கு ரொட்டி ரொட்டிதான்.

> ‘இடவரிசை’ எளிமையாக இருக்கிறது. ‘இடத்தொடர்’ என்றும் யோசித்தேன்.

அரசு அலுவலகத் தளம் என்றால் நானும் சரி என்றிருப்பேன். விளையாட்டுத் தளத்தில் ‘முதலிடம்’, ‘மூன்றாமிடம்’, ‘தரவரிசை’ என்றெல்லாம் ஏற்கெனவே நிறைந்து கிடக்கிறது. அங்கே ‘இடவரிசை’ என்றால் யார் எத்தனையாவது இடம் என்ற பட்டியல் என்றுதான் எவரும் படிப்பார். ‘தொடர்’ என்றால் போட்டித் தொடர். இந்த இரண்டு சொற்களும் மோசமில்லை, இந்த வீட்டில் வேறு ஆள் குடியிருக்கிறார், அவ்வளவுதான்.

> விக்கிப்பீடியாவில் ‘வழிசெலுத்தல்’ பழகிவிட்டது. அதையொட்டி ‘வழிசெலுத்தல் தடம்’ என்று வைத்தால் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நேவிகேஷன் என்ற பொதுக் கருத்துக்கு ‘வழிசெலுத்தல்’ இருக்கட்டும். அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் இந்த வரியின் பெயருக்குள் அது வரக்கூடாது என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது.

இந்தப் பெயர் திரையில் தெரியாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்தான் அதை உரக்கச் சொல்லும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டியின்படி இந்த வரியை வழிசெலுத்தல் பகுதி என்று நிரலில் குறித்து, அதற்கு ஒரு பெயரும் கொடுக்க வேண்டும். திரைவாசிப்பான் பெயரையும் சொல்லும், இது என்ன வகைப் பகுதி என்பதையும் சொல்லும். பெயருக்குள்ளேயே ‘வழிசெலுத்தல்’ இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தச் சொல் இரண்டு தடவை காதில் விழும். வகையின் பெயரை லேபிளில் திரும்பச் சொல்லாதீர்கள் என்று அந்த வழிகாட்டியே சொல்கிறது. நம்மிடையே பார்வையற்ற செஸ் வீரர்கள் இருக்கிறார்கள். கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக அமைந்த பலகையில் விரலால் தொட்டுப் பார்த்து ஆடுகிறார்கள். பேரிங் பார்க்க இன்னொருவரிடம் மொபைலைக் கொடுக்கும் நிலை அவர்களுக்கு வரக்கூடாது என்பதும் இந்த வேலையில் ஒரு பாதி. அதனால் சொல் சின்னதாக, ஒரே மூச்சில் கேட்டு முடிகிற மாதிரி இருக்க வேண்டும். அதே காரணத்துக்காக இடையில் வரும் ‘›’ குறியையும் எழுத்தாகத் தட்டாமல் அலங்கார நிரலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் சில வாசிப்பான்கள் அதையும் வாசித்துக்கொண்டிருக்கும்.

இப்போது என் பரிந்துரை: படிவழி.

ஹையரார்க்கிக்கு ‘படிநிலை’ நிலைத்துவிட்ட சொல். அந்தப் படிகள் வழியே போகும் வழி, படிவழி. பழனியை நினைத்துக்கொள்ளுங்கள். விஞ்சிலோ ரோப்காரிலோ மேலே போய் இறங்கியவருக்கும் அடிவாரம் வரைக்கும் படி இருக்கிறது. எப்படி ஏறினார் என்று படி கேட்பதில்லை. வாட்ஸ்அப் இணைப்பில் வந்து விழும் பெற்றோரின் நிலையும் அதுதான். 5ஆம் சுற்றிலிருந்து ஒரு படி இறங்கினால் 11 வயதுப் பிரிவு, இன்னொரு படியில் மாவட்டப் போட்டி, கடைசியில் முகப்பு.

சொல் கிளைக்கிறதா என்றும் பார்த்தேன். ‘படிவழியில் சேர்’, ‘படிவழி இல்லாத பக்கம்’, ‘படிவழியின் கடைசிக் கண்ணி’ எல்லாம் தடங்கலில்லாமல் வருகின்றன. ‘படிவம்’ என்ற சொல்லோடு குழம்புமா என்ற ஐயம் எழலாம். பதிவுப் படிவம் தளத்தில் இருக்கிறதுதான், ஆனால் காதில் இரண்டும் தெளிவாகப் பிரிகின்றன.

> பெயர் எதுவாக இருந்தாலும் படிகளை ஒழுங்காக அமைக்காவிட்டால் பயனில்லையே?

இதைக் கேட்டதற்கு நன்றி அம்மா. பழைய தளத்தில் போட்டி அறிவிப்பு ‘சுற்றறிக்கைகள்’ என்பதற்குள் இருந்தது, நுழைவுக் கட்டணம் ‘தரவிறக்கம்’ என்பதற்குள். சங்க அலுவலகத்தில் கோப்பு எப்படி அடுக்கியிருக்கிறதோ அப்படியே தளமும் இருந்தது. அதன் மேல் எந்தப் பெயரில் ஒரு வரியை ஒட்டினாலும் உதவாது. அதனால் பக்கங்களின் பெயர்களைச் சீட்டுகளில் எழுதி, அரங்க வாசலில் காத்திருந்த பெற்றோரிடமே பிரித்து வைக்கச் சொன்னோம். தேதி, இடம், கட்டணம், பதிவுப் படிவம் நான்கையும் எல்லாரும் ஒரே குவியலில்தான் போட்டார்கள். வீரரின் ஆட்டத்திறனை எண்ணால் காட்டும் ரேட்டிங்கைத் தனியாக வைத்தார்கள். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி ரேட்டிங் பட்டியலை வெளியிடுகிறது, அதைப் பார்க்க வருபவர்களுக்குப் போட்டிப் பக்கம் தேவையே இல்லை. நிர்வாகிகள் பட்டியலைக் கடைசியில் வைத்தார்கள்.

வயதுப் பிரிவில்தான் சிக்கல் மிஞ்சியது. தேசியப் போட்டிகளில் 7, 9, 11, 13 என்று ஒற்றைப்படையில் பிரிவுகள். ஃபிடேயின் உலகப் போட்டிகளில் 8, 10, 12 என்று இரட்டைப்படை. வயதை முதல் படியாக வைத்தால் ஒரே பிள்ளை இரண்டு கிளைகளில் தொங்கும். எனவே போட்டி முதலில், அதற்குள் வயது என்று முடிவு செய்தோம். நான் மேலே எழுதிய எடுத்துக்காட்டும் அந்த வரிசைதான்.

மொபைலில் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘11 வயதுக்குட்பட்டோர் சிறுமியர் பிரிவு’ ஒன்றே ஒரு வரியை நிறைத்துவிடும். சிறு திரையில் முழுப் படிவழியையும் காட்டாமல் ஒரு படி மட்டும், அதாவது ‘‹ 11 சிறுமியர்’ என்று மட்டும் காட்டலாம் என்பது என் கருத்து. முழு வரி அகலத் திரைக்கு.

வருகிற ஞாயிறு வரை மறுப்பு ஏதும் வராவிட்டால் சொற்பட்டியலில் ‘படிவழி’யை ஏற்றிவிடுகிறேன். திரைவாசிப்பானில் கேட்டுப் பார்க்க முடிந்தவர்கள் கேட்டுவிட்டு எழுதுங்கள், அந்தக் கருத்துக்காகத்தான் காத்திருக்கிறேன். ஹாம்பர்கர் மெனுவுக்கு மக்கள் ‘அந்த மூணு கோடு’ என்றே சொல்கிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்கலாம்.