‘வேப்பமரத்து வீடு’ வாட்ஸ்அப் குழு: காரின் பிக்கப் போன விவகாரம்

வெள்ளிக்கிழமை

நான் (மாலை 6:42): சங்ககிரி தாண்டி ஓரமாக நிற்கிறோம். யாருக்கும் அடிபடவில்லை, பயப்படாதீர்கள். லாரியை முந்தப் போகும்போது காருக்குத் திடீரென்று பிக்கப் போய்விட்டது. எவ்வளவு மிதித்தாலும் முப்பதுக்கு மேல் ஏறவில்லை. என்ஜின் விளக்கு எரிகிறது. மாமா, பார்த்தால் உடனே சொல்லுங்கள்.

அம்மா: குழந்தைகள் எங்கே? காருக்குள் வைத்துக்கொண்டு நிற்காதே.

நான்: தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள் அம்மா. நான்கு இண்டிகேட்டரும் எரியவிட்டிருக்கிறேன்.

ஈரோடு மாமா: கண்ணு, என்ஜின் நின்றுவிட்டதா, ஓடிக்கொண்டிருக்கிறதா? ஓடினால் ஆர்.பி.எம்., அதாவது என்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை, எவ்வளவு?

நான்: ஓடுகிறது மாமா. 1,500 இல் நிற்கிறது. மிதித்தால் மிகவும் கொஞ்சமாகத்தான் அசைகிறது.

ஈரோடு மாமா: சரி, கார் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறது. சாவியை முழுவதும் அணைத்து வெளியே எடு. ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி ஸ்டார்ட் செய். சரியாகிவிட்டாலும் ஈரோடு வரவேண்டாம், அடுத்த திருப்பத்தில் சேலத்துக்கே திரும்பு. இடது ஓரமாகவே போ, யாரையும் முந்தாதே. பின்னால் வருகிறவனுக்கு நீ திடீரென்று முப்பதுக்கு இறங்குவாய் என்று தெரியாது.

நான் (இரவு 8:05): வீட்டுக்கு வந்துவிட்டோம். அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. வரும் வழியில் மறுபடி ஒருமுறை அதேபோல் ஆனது.

திருச்சி அத்தை: 2010 வண்டி அம்மாடி. வந்த விலைக்குத் தள்ளிவிடு. உன் அப்பாவும் வாங்கிய காலத்திலேயே ஆண்டு அனுபவித்துவிட்டார்.

அம்மா: வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. என்ன கோளாறு என்று தெரிவதற்கு முன்னால் விற்பதைப் பற்றிப் பேசவேண்டாம்.

சனிக்கிழமை

நான் (காலை 11:20): பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “எலெக்ட்ரானிக் த்ராட்டில் பாடி போய்விட்டது, 26,000 ரூபாய், திங்கட்கிழமை மாற்றிவிடலாம்” என்கிறார்கள். என்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் சாமானாம். சரி என்று சொல்லட்டுமா?

ஈரோடு மாமா: காரின் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறைப் படிக்க ஸ்கேனர் போட்டார்களா?

நான்: இல்லை. இந்த மாதிரி வண்டிக்கு வழக்கமாக வருகிற கோளாறு என்றார்கள்.

ஈரோடு மாமா: சொல்லாதே. அவர்கள் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் சோதிக்காமல் ஒரு சாமானுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. பெடல் சென்சார் போனாலும் இதே அறிகுறி வரும். எலி கடித்த வயர், பச்சை பூத்த கனெக்டர், தளர்ந்த எர்த், சோர்ந்துபோன பேட்டரி, எதுவானாலும் இதே மாதிரிதான் முடங்கும். 26,000 கொடுத்து மாற்றிய பிறகும் சங்ககிரியில் நின்றால் யாரைக் கேட்பாய்?

பெங்களூரு அண்ணன்: என்னுடைய புளூடூத் ஸ்கேனர் அங்கேதான் இருக்கிறது. டிவி மேசையின் கீழ் அறையில், சிறிய கறுப்புப் பெட்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கான சாக்கெட் இருக்கும். செயலியை உன் போனில் இறக்கிக்கொள்.

திருச்சி சித்தப்பா: என் காரிலும் இப்படித்தான் ஆனது. த்ராட்டிலை ஸ்ப்ரே போட்டுத் துடைத்தார்கள், 800 ரூபாயோடு முடிந்தது. மச்சான், முதலில் அதைச் செய்து பார்க்கலாமே?

ஈரோடு மாமா: செய்யலாம். உங்கள் கார் ஐடிலிங்கில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும்போது, விட்டுவிட்டு நின்றது, நினைவிருக்கிறதா? அது கரி. என்ஜினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய்ப் புகை தகட்டின் விளிம்பில் படிந்து, மூடும்போது ஒட்டிக்கொள்ளும். அதற்குத் துடைத்தால் போதும். இவள் காரில் ஐடிலிங் சீராக இருக்கிறது, ஓட்டத்தில்தான் போகிறது. எதற்கும் ஸ்கேனரில் கோளாறு கோட் என்ன வருகிறது என்று பார்ப்போம்.

நான் (பிற்பகல் 1:48): [புகைப்படம்] ஒரே ஒரு கோட். பி2135.

ஈரோடு மாமா: நல்ல வேளை, அழிக்காமல் வைத்திருந்தாய். அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்.

இப்போது எல்லோருக்கும் புரியும்படி சொல்கிறேன். கேபிள் இருந்த காலத்தில் நம் கால்தான் த்ராட்டில் தகட்டை நேரடியாக இழுத்துத் திறக்கும். இந்தக் காரில் கேபிளே கிடையாது. பெடலில் இருக்கும் சென்சார் “இவ்வளவு வேண்டும்” என்று வோல்டேஜாகக் கேட்கிறது. கம்ப்யூட்டர் அதைப் படித்து, த்ராட்டில் பாடியில் உள்ள சின்ன மோட்டாருக்குக் கரண்ட் அனுப்புகிறது. மோட்டார் பல்சக்கரங்களைச் சுழற்றித் தகட்டைத் திறக்கிறது. தகடு உண்மையில் எவ்வளவு திறந்தது என்பதை அதே பாடியில் இருக்கும் இரண்டு சென்சார்கள் தனித்தனியே திருப்பிச் சொல்கின்றன. இரண்டு சாட்சிகள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்தால் கம்ப்யூட்டர் இருவரையுமே நம்பாது, மோட்டாருக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். அப்போது ஸ்பிரிங் தகட்டைக் கொஞ்சம் திறந்த நிலையில் நிறுத்திவைக்கும். நீ பார்த்த 1,500 அதுதான்.

இந்த ஏற்பாட்டைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதன்மேல் மரியாதை இருக்கிறது. தகடு முழுவதும் திறந்தபடி சிக்கிக்கொண்டு, குழந்தைகளோடு நூறில் பறப்பதைவிட முப்பதில் ஊர்ந்து ஓரம் கட்டுவது எவ்வளவோ மேல்.

பெங்களூரு அண்ணன்: பி2135 என்றால் த்ராட்டில் சென்சார்கள் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். பெடல் சென்சார்கள் ஒத்துப்போகாவிட்டால் பி2138 வரும். அப்படியென்றால் பெடல் இல்லை, த்ராட்டில் பாடிதான். சரிதானே மாமா?

ஈரோடு மாமா: பாதி சரி. கோட் சொல்வது எந்த சர்க்யூட் என்பதை மட்டும்தான். அந்த சர்க்யூட்டில் பாடியும் இருக்கிறது, கனெக்டரும் இருக்கிறது, கம்ப்யூட்டர் வரை போகும் வயரும் இருக்கிறது. மூன்றில் எது என்பதை நாம்தான் கண்டுபிடிக்கவேண்டும். கண்ணு, நாலு மணிக்கு வீடியோ அழைப்பில் வா. தம்பி, நீயும் வா.

அம்மா: என்ஜின் ஓடும்போது கையை விடச் சொல்லாதீர்கள் அண்ணா.

ஈரோடு மாமா: என்ஜினை ஓடவிடவே மாட்டேன். சாவி மட்டும் ஆனில் இருக்கும். அப்போதும் தகட்டின் பக்கம் விரல் போகக் கூடாது, மோட்டார் சட்டென்று மூடினால் நசுங்கிவிடும்.

பெங்களூரு அண்ணன் (மாலை 5:10): பார்த்ததை இங்கே எழுதிவைக்கிறேன். சித்தப்பாவுக்கும் உதவும்.

பேட்டரி 12.6 வோல்ட், நன்றாக இருக்கிறது. த்ராட்டில் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தபோது 5 வோல்ட் சப்ளை சரியாக வந்தது, எர்த்தும் சரி. பின்கள் பளபளப்பாக இருந்தன. வயரில் எலிக் கடி இல்லை. கனெக்டரை மாட்டிய பிறகு ஸ்கேனரில் இரண்டு சென்சார்களையும் ஒரே வரைபடத்தில் போட்டோம். கால் வைக்காதபோது முதல் சென்சார் 0.7, இரண்டாவது 4.3. பெடலை மெதுவாக அழுத்த, முதலாவது ஏறியது, இரண்டாவது இறங்கியது. கூட்டினால் எப்போதும் 5 வரவேண்டும். கால்வாசி அழுத்தும் இடத்தில் முதலாவது மட்டும் 0.2 க்கு விழுந்து மறுபடி எழுந்தது. அடுத்த முறையும் அதே இடம்.

திருச்சி சித்தப்பா: எல்லாக் காரிலும் கூட்டினால் 5 வருமா?

ஈரோடு மாமா: வராது. சில கார்களில் இரண்டும் சேர்ந்தே ஏறும், ஒன்று பாதி வேகத்தில். அந்த வண்டியின் கையேட்டைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம். வயர்க்கட்டை நீளம் முழுக்க அசைத்துப் பார்க்கச் சொன்னேன். வரைபடம் அசையவில்லை. கால்வாசியில் பெடலைப் பிடித்துக்கொண்டு, ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் த்ராட்டில் பாடியின் கறுப்பு மூடியை லேசாகத் தட்டச் சொன்னேன். ஒவ்வொரு தட்டுக்கும் கோடு துள்ளியது. இனி எனக்குச் சந்தேகமில்லை. பாடிக்குள்தான் கோளாறு.

நான்: அப்படியென்றால் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதுதான் சரியா மாமா?

ஈரோடு மாமா: சொன்னது சரி, சொன்ன விதம் சரியில்லை. இப்போது நமக்குத் தெரிந்துதான் வாங்குகிறோம்.

திருச்சி அத்தை: சென்னைப் புதுப்பேட்டையில் பழையது கிடைக்குமாம். என் மாப்பிள்ளை பாதி விலைக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

ஈரோடு மாமா: அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். கதவுக் கண்ணாடி, பம்பர், ஆல்டர்னேட்டர் என்றால் நானே போய் வாங்குவேன். இதன் சென்சார் உள்ளே ஒரு தடத்தில் உரசி உரசித்தான் அளக்கிறது, தேய்ந்து கெடுகிற சாமான். அதே வயது வண்டியிலிருந்து கழற்றியதும் அதே அளவுக்குத் தேய்ந்துதான் இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

பெங்களூரு அண்ணன்: இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1999 முதல் 2001 வரையிலான வோல்வோ மாடல்கள் பலவற்றில் த்ராட்டிலுக்குள் இருந்த சென்சார் தடம் இதேபோல் தேய்ந்து பெரிய பிரச்சினையானது. கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் தலையிட்ட பிறகு, அந்த ஒரு சாமானுக்கு மட்டும் வாரண்டியை 10 ஆண்டு அல்லது 2,00,000 மைல் என்று நீட்டித்தார்கள். பின்னால் வந்த வண்டிகளில் உரசாமல் காந்தத்தால் அளக்கும் சென்சார்கள் பரவலாயின.

நான்: சரி, புதியதே வாங்குகிறேன். எண் எங்கே இருக்கும்?

ஈரோடு மாமா: மூடியின் மேல் ஸ்டிக்கரில். முழு எண்ணையும் கடைசி எழுத்து வரை எழுதிக் கடையில் கொடு. ஒரே என்ஜினுக்கு இரண்டு வகை பாடி வந்திருக்கலாம். பாடிக்கு அடியில் காற்று கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டும் சேர்த்துக் கேள், பழையதை மறுபடி போடக் கூடாது. ஞாயிறு காலை நான் வருகிறேன்.

நான் (மாலை 6:55): கிடைத்துவிட்டது. கேஸ்கெட்டோடு 14,800.

ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 10:15): மாமா வேலையைத் தொடங்கிவிட்டார். அண்ணன் கேட்டதால் எழுதுகிறேன். என்ஜின் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார், ஏனென்றால் இந்த பாடிக்குள் சுடுதண்ணீர்க் குழாய் இரண்டு போகின்றன. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். பிறகு காற்றுக் குழாய், கனெக்டர், நான்கு போல்ட். பாடி வெளியே வந்ததும் முதல் வேலையாக என்ஜின் பக்கத் துளையில் சுத்தமான துணியை அடைத்தார். ஒரு வாஷர் உள்ளே விழுந்தாலும் போச்சு என்கிறார்.

அம்மா: அண்ணா இன்னும் சாப்பிடவில்லை. இட்லி ஆறுகிறது.

நான் (காலை 11:02): [புகைப்படம்] இதைப் பாருங்கள். பழையதன் மூடியைத் திறந்துவிட்டார். உள்ளே வெள்ளைப் பல்சக்கரம், அதன் அடியில் சீப்புப் பல் போன்ற மெல்லிய கம்பிகள். அவை உரசிப் போகும் கறுப்புத் தடம் வளைவாக இருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் கறுப்பு தேய்ந்து வெளிறிய கோடு தெரிகிறது. விரல் நகத்தின் அகலம்கூட இல்லை.

பெங்களூரு அண்ணன்: வரைபடத்தில் விழுந்த அதே இடம்!

ஈரோடு மாமா: நாற்பது, ஐம்பதில் சீராகப் போகும்போது கம்பிகள் நிற்கும் இடம் அது. பதினைந்து வருடமாக வண்டி பெரும்பாலும் அங்கேதான் நின்று உரசியிருக்கிறது.

திருச்சி சித்தப்பா: அந்தத் தடத்தை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்களே?

ஈரோடு மாமா: இருக்கிறார்கள். வேறு சாமான் என்றால் நானே அனுப்பிவைப்பேன். இந்த ஒன்றில் என் மருமகளும் பிள்ளைகளும் போகும் வண்டியை வைத்துப் பரீட்சை பார்க்க எனக்கு மனமில்லை.

நான் (பிற்பகல் 12:30): மாட்டியாகிவிட்டது. போல்ட்டுகளை ஒரேயடியாக இறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். அடியில் இருப்பது என்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் மேனிஃபோல்ட், வேகமாக இறுக்கினால் விரிசல் விடுமாம். ஆனால் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங் 1,600 இல் ஏறி இறங்குகிறது. எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஈரோடு மாமா: கவலை வேண்டாம் என்று பக்கத்திலிருந்தே சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். பழைய பாடி எங்கே மூடும் என்பதுதான் கம்ப்யூட்டருக்கு நினைவு. புதியதன் மூடும் இடத்தை அது கற்றுக்கொள்ளவேண்டும். இந்தக் காருக்கு முறை இது: ஏசி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, பெடலில் கால் வைக்காமல் சாவியை ஆனில் முப்பது வினாடி விட்டு அணைக்கவேண்டும். தகடு ஒருமுறை திறந்து மூடும் சத்தம் கேட்கும். பிறகு ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் விசிறி ஓடும் வரை சும்மா விடவேண்டும். வேறு கார்களுக்கு முறை வேறு, சிலவற்றுக்கு ஸ்கேனரில் கட்டளை கொடுத்தால்தான் ஏற்கும்.

நான் (பிற்பகல் 1:15): 750 இல் அசையாமல் நிற்கிறது!

அம்மா: கடவுளுக்கு நன்றி. அண்ணா, கை கழுவிக்கொண்டு வாருங்கள்.

நான் (மாலை 5:40): சங்ககிரி வரை போய் வந்தோம், மாமாவே பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டு வந்தார். கால்வாசியில் பிடித்து நெடுநேரம் ஓட்டினேன். இரண்டு கோடுகளும் கூட்டினால் 5 ஐ விட்டு நகரவில்லை. கோட் எதுவும் வரவில்லை.

திருச்சி அத்தை: விற்கவேண்டாம் அம்மாடி. ஓட்டு.

ஈரோடு மாமா: அடுத்த வாரம் ஒருமுறை ஸ்கேனர் போட்டு எனக்குப் படம் அனுப்பு. நிலுவையில் இருக்கும் கோட் என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும், அதையும் திறந்து பார். மச்சான், உங்கள் காரைத் துடைத்து எவ்வளவு காலம் ஆகிறது?

திருச்சி சித்தப்பா: மூன்று வருடம் இருக்கும்.

ஈரோடு மாமா: ஏர் ஃபில்டரைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்புங்கள். குழாயின் உட்புறம் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்றும் விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.