நியூரோஹார்மோனுக்குத் தமிழ்ல என்ன போடலாம்? (திங்கட்கிழமை பாடம் அனுப்பணும்)

டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். வேதி ஒருங்கிணைப்பு பாடம் மொழிபெயர்த்துட்டு இருக்கேன், ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டேன். நரம்பு செல் ஒன்னு தான் சுரக்கிறதை அடுத்த செல்லுக்குக் குடுக்காம நேரா ரத்தத்துல விடுதுல்ல, அதான் நியூரோஹார்மோன். ஆக்சிடோசினையே எடுத்துக்குங்க. மூளையோட அடிப்பக்கம் இருக்கற ஹைப்போதலாமஸ் பகுதியோட நரம்பு செல்லுல உருவாகுது, அந்த செல்லோட நீளமான இழை வழியாவே அதுக்குக் கீழ இருக்கற பிட்யூட்டரி சுரப்பியோட பின்பகுதிக்கு வந்து அங்கதான் ரத்தத்துல இறங்குது. குழந்தை பால் குடிக்கிறப்போ மூளைக்குச் சேதி போறது நரம்புல, பதில் வர்றது ரத்தத்துல. ஹார்மோனுக்கு இயக்குநீர்னு ஒரு சொல் இருக்கறதால இப்போதைக்கு நரம்பியக்குநீர்னு போட்டு வச்சிருக்கேன், மனசு ஒப்பல.

இலக்கண ஐயா:
ஒப்பாததுல தப்பே இல்லம்மா. நரம்பை இயக்கும் நீரா, நரம்பு சுரக்கும் இயக்குநீரா? தொகையை விரிச்சா ரெண்டுக்கும் இடம் இருக்கு. படிக்கிறவன் முதல்ல நரம்பைன்னுதான் விரிப்பான். நரம்பூக்கின்னு யாராவது கொண்டு வந்தா அதுக்கும் இதே கதிதான், இப்பவே சொல்லிடறேன்.

டாக்டர் தம்பி:
ஐயா சொல்றது சரி, ஆக்சிடோசின் போய் வேலை செய்யற முக்கியமான இடம் கருப்பைத் தசையும் பால் சுரப்பியைச் சுத்தி சுருங்கற செல்லும்தான், நரம்பை இயக்குதுன்னு எழுதினா பரீட்சையில முட்டைதான். இன்னொன்னு, இந்த 'நீர்' யார் சேர்த்தது? கார்டிசால், ஈஸ்ட்ரோஜன் எல்லாம் ஸ்டீராய்டுங்கற கொழுப்பு வகை ஹார்மோன், தண்ணியில லேசுல கரையாது, பெரும்பாலும் புரதத்தைத் தொத்திக்கிட்டுதான் ரத்தத்துல போகும். உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் 1905ல ஹார்மோன்னு பேர் வச்சப்போ எடுத்தது தூண்டிவிடறதுங்கற கிரேக்க வினையை, அதுல நீரும் இல்ல நெருப்பும் இல்ல. போதாக்குறைக்கு ஒரு சுழி விட்டா இயக்குநீர் இயக்குநர் ஆயிடுவார், நானே ஒரு பிழைதிருத்தத்துல 'தைராய்டு இயக்குநர் குறைபாடு'ன்னு பாத்திருக்கேன்.

கணினி நண்பர்:
அப்ப நீரை வெட்டிட்டு 'இயக்கி'ன்னு விட்றாதீங்க, அது கம்ப்யூட்டர்ல டிரைவர்ங்கற மென்பொருளுக்கு நாங்க எப்பவோ எடுத்தாச்சு.

இலக்கண ஐயா:
நீங்க எடுக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே அது தெய்வத்தோட பேரு. இயக்கிதான் இசக்கி ஆனா. அது கிடக்கட்டும், என் பரிந்துரை 'குருதித்தூது'. சிற்றிலக்கியத்துல தூதுன்னு தனி வகையே இருக்கு, கிளியை விட்டாங்க, மேகத்தை விட்டாங்க, நெஞ்சையே விட்டாங்க. உடம்பு ரத்தத்துல விடுது.

தனித்தமிழ் அண்ணன்:
தூது வடசொல் ஐயா.

இலக்கண ஐயா:
வள்ளுவர் 69ஆம் அதிகாரத்துக்கு அந்தப் பேரைத்தான் வச்சிருக்கார். அவர்கிட்ட போய் சொல்லுங்க.

டீச்சர்:
சண்டை வேணாம், வகுப்புல நடக்கறதைச் சொல்றேன். ஊசி போடறவங்க 'நரம்பே கிடைக்கல'ம்பாங்க, அவங்க தேடறது ரத்தக் குழாயை. இதைக் கேட்டு வளந்த பிள்ளைக்கு நரம்பு வழி வேற ரத்த வழி வேறன்னு புரியவைக்கவே ஒரு பீரியடு போயிடுது. அதுக்கு மேல, ஹார்மோன் சுரக்கற நாளமில்லாச் சுரப்பி. ரத்த நாளம்னு ஒரு பக்கம் படிக்கிறான், நாளமில்லாச் சுரப்பின்னு இன்னொரு பக்கம் படிக்கிறான், உடனே அந்தச் சுரப்பிக்கு ரத்தக் குழாயே கிடையாதுன்னு முடிவு பண்ணிடறான். நெசம் தலைகீழ், சுரக்கறதைக் கொண்டுபோகத் தனிக் குழாய் இல்லாததாலதான் அதுல ரத்த ஓட்டமே ஜாஸ்தி.

தனித்தமிழ் அண்ணன்:
அதனாலதான் தூம்பிலிச் சுரப்பின்னு சொல்றேன். தூம்புன்னா உள்ள துளையுள்ள குழல், நல்ல பழந்தமிழ்.

டாக்டர் தம்பி:
அண்ணே, தூம்பிலின்னு எழுதினா ஏதோ பல்லி வகைன்னு நினைப்பாங்க.

எனக்கு அடிப்படையிலயே ஒரு கேள்வி இருக்கு, நாம பேர் வைக்கிறது பொருளுக்கா, அது போற வழிக்கா? நார்அட்ரினலின் நரம்பு முனையில கசிஞ்சு பொடி இடைவெளியைத் தாண்டி பக்கத்து செல்லைத் தொட்டா நரம்பு கடத்தி. அதே மூலக்கூறு அட்ரினல் சுரப்பியோட உள்பகுதியிலிருந்து ரத்தத்துல இறங்கினா ஹார்மோன். அணு ஒன்னு கூட மாறல. ஆக பொருளோட குணத்தைச் சொல்ற பேரு எதுவும் இங்க நிக்காது, எங்க கிளம்பி எதுல போகுதுன்னு சொல்ற பேருதான் நிக்கும். குருதித்தூதுல பாதி விஷயம் இருக்கு, ஆனா இன்சுலினும் குருதித்தூதுதானே, நரம்புல கிளம்பினதுங்கறது அதுல எங்க இருக்கு?

கணினி நண்பர்:
நரம்புசுரப்பு?

இலக்கண ஐயா:
நரம்புச்சுரப்பு. நரம்புத்தளர்ச்சி மாதிரி. ஒற்று மிகும்.

டாக்டர் தம்பி:
ஒற்று மிகட்டும் ஐயா, ஆனா நரம்பு கடத்தியையும் நரம்புதானே சுரக்குது. வேணும்னா 'நரம்புவழி ஹார்மோன்'னு போடலாமா?

டீச்சர்:
'வழி' போட்டா கடைசிவரை நரம்புலயே போகுதுன்னு நினைப்பான். நான் 'நரம்புசுரந்த ஹார்மோன்'னு போடறேன், எங்க கிளம்பிச்சுன்னு நரம்பு சொல்லுது, எதுல போகுதுன்னு ஹார்மோன் சொல்லுது. அழகில்லைதான், புரியுது.

கணினி நண்பர்:
+1. நீளம்தான், பரவால்ல.

டாக்டர் தம்பி:
சரிங்க, இதுவே இருக்கட்டும்.

தனித்தமிழ் அண்ணன்:
பெரும்பான்மைன்னா பண்ணிக்குங்க, தடுக்கல. ஹார்மோன்ல ஹ-வும் இருக்கு, என் மறுப்பும் இருக்கு. பின்னிணைப்புலயாவது 'நரம்பூறல்'னு ஒரு வரி சேருங்க.

இலக்கண ஐயா:
ஊறல்னா வேற ஞாபகம்லாம் வருமே தம்பி.

டீச்சர்:
பின்னிணைப்புல சேர்த்துடறேன் அண்ணா. அப்புறம் கார்டிசால் கூடினா அதுவே ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் அடக்குதுல்ல, அந்த இடத்துல 'எதிர்மறைப் பின்னூட்டம்'னு போட்டிருந்தேன். என் பையன் படிச்சுட்டு 'யாரும்மா அதுக்குக் கீழ திட்டி கமெண்ட் போட்டாங்க'ன்னு கேக்கறான். இதுக்கும் ஏதாவது சொல்லுங்களேன், தனி இழையில.