திருகோணமலை மணலும் என் பெரிய மோட்டரும்

இது அலஸ்தோட்டத்தில் எங்கள் வளவில் நடந்தது. பெரிய பிரஷ்லெஸ் மோட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, எப்போது கரண்ட் கொடுத்துப் பார்ப்போம் என்று கை துறுதுறுக்க இருப்பவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

2022இல் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரம் 4 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோதே, சைக்கிளில் மோட்டர் பூட்டி ஓட வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. அப்பாவை கிளினிக்குக் கூட்டிப் போக ஒரு லீற்றரைத் தொடாமல் வைத்திருப்போம். காசு சேர்த்து மோட்டர் வாங்க இரண்டு வருடம் ஆனது. அதுவும் பழையதுதான். பெரிய ரிமோட் விமானங்களுக்காகச் செய்தது, வெளி ஓடு சுற்றும் வகை. விட்டம் 80 மில்லிமீற்றர். ஓட்டுக்குள் 14 காந்தம், நடுவில் கம்பி சுற்றிய 12 பல். லேபிளில் 130 கேவி என்று இருந்தது. பளு இல்லாமல் ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 130 சுற்று என்பது அதன் பொருள். 48 வோல்ட் கொடுத்தால் 6,240 சுற்று. அந்த வேகத்தில் ஓட்டின் விளிம்பு மணிக்கு 90 கிலோமீற்றருக்கு மேலே போகும். இந்தக் கணக்கை நான் பிறகுதான் போட்டேன். முதலே போட்டிருக்க வேண்டும்.

மாமரத்தடியில் மேசை. மோட்டரைப் பலகையில் முறுக்கி, பலகையை ஒரே ஒரு கிளாம்பால் மேசையோடு பிடித்திருந்தேன். அக்சிலேற்றரைக் கொஞ்சம் திருப்பினேன், அழகாகச் சுற்றியது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். கனமான ஓடு சட்டென்று வேகம் எடுக்கும்போது மோட்டரின் அடிப்பாகத்தை எதிர்ப்பக்கம் உதைக்கும். பலகை கிளாம்பைச் சுற்றித் திரும்பி மேசையை விட்டுப் போய், சுற்றிக்கொண்டிருந்த மோட்டர் மணலில் குத்தியது. அப்பா பக்கத்தில் கதிரையில் இருந்தார். அவர் இருந்த பக்கம் அது போகவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

பற்றரியைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தேன். கறகற என்று அரிசி அரைபடுவது போல ஒரு சத்தம். நல்ல மோட்டரைக் கையால் சுற்றினால் காந்தம் பல்லுக்குப் பல் இழுத்து விடுவது மட்டும்தான் விரலுக்குத் தெரிய வேண்டும், காதுக்கு எதுவும் கேட்கக் கூடாது.

ஓட்டைக் கழற்ற கிண்ணியாவில் லேத் வைத்திருக்கும் நானாவிடம் கொண்டுபோனேன். காந்தத்தின் இழுவை பொல்லாதது. கையால் இழுத்தால் பாதியில் திரும்பி விரலை நசுக்கிவிடும். நானா முதலில் மோட்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “தம்பி, சாரத்தோடயா இத ஓட்டிப் பாத்தீங்க? இனிமே காற்சட்டை போட்டுத்தான் பக்கத்தில நிக்கணும்” என்றார். நான் ஆம் என்று தலையாட்டினேன். பூட்டு வளையத்தை எடுத்துவிட்டு, லேத்தில் பிடித்து ஓட்டை நேராக, மெதுவாக வெளியே எடுத்தார்.

உள்ளே காந்தத்தையே காணவில்லை. 14 வரிசையிலும் கறுப்பு மயிர்க்கொட்டி ஒட்டிக்கொண்டிருப்பது போல மணல் மயிர் மயிராக நின்றது. கடற்கரையில் அலை விட்டுப்போகும் கருங்கோடுகளைப் பார்த்திருப்பீர்கள், அதே மணல்தான். வடக்கே புல்மோட்டையில் இல்மனைற் எடுக்கிறார்களே, அந்தக் கனிமத்தைக் காந்தம் இழுக்கும், அங்கே மற்ற மணலிலிருந்து அதைப் பிரிப்பதும் காந்தத்தால்தான். எங்கள் வளவு மண் கடல்மண். காந்தத்துக்கும் பல்லுக்கும் நடுவில் இருப்பதோ ஒரு மில்லிமீற்றர் கூட வராத இடைவெளி. அதற்குள் இந்த மணல் போனால் கம்பியின் மேல்பூச்சை அரம் போல அராவும். ஒரு பல்லின் ஓரத்தில் செம்பு பளிச்சென்று தெரிந்தது.

காற்றடித்தால் இந்த மணல் போகாது. ஒரு காந்தத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும், அவ்வளவுதான். பார்சல் ஒட்டும் டேப்பைச் சிறுசிறு துண்டாக வெட்டி, ஒட்டி ஒட்டி எடுத்தோம். இரண்டு மணித்தியாலம். பூச்சு போன இடத்தில் மோட்டர் சுற்றும் கடை வார்னிஷ் பூசி இரண்டு நாள் வெயிலில் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகச் சோதித்தேன். மூன்று வயரையும் ஒவ்வொன்றாக மோட்டர் உடம்போடு வைத்து மல்ரிமீற்றரில் பார்த்தேன், எதுவும் தொடுப்பில் இல்லை. அடுத்து, மூன்று வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டுக் கையால் சுற்றினேன். தேனுக்குள் கரண்டியைச் சுற்றுவது போல ஒரே சீராகக் கனத்தது. ஒரு சுருளில் பிழை இருந்தால் அந்தக் கனம் விட்டுவிட்டு வரும்.

சுருளின் தடையைச் சாதாரண மீற்றரில் அளக்க முடியாது, அவ்வளவு சிறியது. அளவு வைக்கக்கூடிய பவர் சப்ளையில் 1 அம்பியர் கொடுத்து, இரண்டு வயருக்கு நடுவில் மில்லிவோல்ட் பார்த்தேன்: 24, 24, 25. எண்ணை விட மூன்றும் ஒத்திருப்பதுதான் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது டிறில் சோதனை. டிறிலில் மோட்டரின் அச்சைப் பிடித்துச் சுற்றினால் மோட்டரே டைனமோ ஆகிவிடும். 980 சுற்றில் எந்த இரண்டு வயரைத் தொட்டாலும் 5.4 வோல்ட் ஏசி. அதை 1.414ஆல் பெருக்கினால் உச்ச வோல்ட் 7.64. 980ஐ அதால் வகுத்தால் 128. லேபிள் சொன்னது உண்மை. பழைய மோட்டர் வாங்குகிறவர்கள் டிறிலையும் மீற்றரையும் கையோடு கொண்டுபோங்கள். சூடேறிக் காந்தம் பலம் இழந்திருந்தால் வோல்ட் குறையும், கேவி லேபிளை விடக் கூடிக் காட்டும்.

கடைசியில்தான் பற்றரி. பற்றரிக்கும் கொன்ட்ரோலருக்கும் (மோட்டருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் பெட்டி) நடுவில் 24 வோல்ட் லொறி ஹெட்லைற் பல்ப் ஒன்றைத் தொடரில் போட்டேன். இணைத்தவுடன் பல்ப் ஒரு கணம் எரிந்து அணைந்தது. கொன்ட்ரோலரின் கபாசிற்றர் நிரம்புகிற நேரம் அது. எங்காவது ஷோர்ட் இருந்திருந்தால் பல்ப் அணையாமல் எரியும், கொன்ட்ரோலர் தப்பிக்கும். அது சரி என்றதும் பல்ப்பைக் கழற்றி, 25 வோல்ட்டில் முழுதாகத் திருப்பினேன். 3,180 சுற்று. இந்தத் தடவை இரும்புச் சட்டம், நான்கு போல்ட், சீமெந்துத் தரை. அப்பா வீட்டுக்குள்ளே.

மூதூரிலிருந்து ஒருவர்:
நான் போட் இஞ்சின் திருத்துகிறவன். இந்தக் கறுப்பு மணலோடு எனக்குப் பல வருடப் பழக்கம். அவுட்போர்ட் இஞ்சினின் பறக்கும் சில்லிலும் (ஃப்ளைவீல்) காந்தம் இருக்கிறது. கழற்றினால் அதைத் தரையில் வைக்க மாட்டேன். சுத்தமான துணி விரித்த தட்டில், காந்தப் பக்கம் மேலே பார்க்க வைத்து இன்னொரு துணியால் மூடிவிடுவேன். உங்கள் மோட்டரில் உப்புக்காற்றையும் பாருங்கள். காந்தத்தின் நிக்கல் பூச்சு ஒரு இடத்தில் உரிந்தால் உள்ளே துருப்பிடித்துப் பொருமும். பொருமினால் அந்தச் சின்ன இடைவெளியில் உரசும். டேப் ஒட்டி எடுத்தபோது பூச்சும் சேர்ந்து வந்ததா என்று ஒருமுறை லைற் அடித்துப் பாருங்கள்.

உவர்மலையிலிருந்து இன்னொருவர்:
இவ்வளவும் பளு இல்லாத சோதனை. சைக்கிளில் பூட்டி ஆளும் ஏறினால், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது துள்ளும். விமான மோட்டரில் ஹோல் சென்சர் (காந்தம் எங்கே இருக்கிறது என்று உணரும் சிறு சில்) இல்லை, ஓடு எந்த இடத்தில் நிற்கிறது என்று கொன்ட்ரோலருக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ஏற்றத்தில் என்னுடையது விக்கி விக்கி நின்றது. மூன்று சென்சர் வாங்கி நானே வைத்தேன். 12 பல், 14 காந்தம் என்றால் இடம் கண்டுபிடிப்பது சுகம்: நான்கு பல்லுக்கு ஒன்றாக, வட்டத்தை மூன்றாகப் பிரித்து வையுங்கள், சென்சர்களுக்கு நடுவில் வேண்டிய மின் கோணம் 120 பாகை தானாக வந்துவிடும். ஒட்டுமுன் ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட் கொடுத்து, கையால் மெதுவாகச் சுற்றி, மாறி மாறி வருகிறதா பாருங்கள். நான் பார்க்காமல் ஒட்டி, ஒன்று செத்திருந்ததால் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டி வந்தது.

மீண்டும் அலஸ்தோட்டம்:
இருவருக்கும் நன்றி. லைற் அடித்துப் பார்த்தேன், இரண்டு காந்தத்தின் மூலையில் பூச்சு போயிருக்கிறது. மெல்லிதாக எப்பொக்சி பூசிக் காயவிட்டிருக்கிறேன். சென்சர் மூன்றும் கொழும்பிலிருந்து வர வேண்டும்.

அதற்கிடையில் கியர் கணக்கு. 26 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றரும் கொஞ்சமும் போகும். மணிக்கு 30 கிலோமீற்றருக்கு நிமிடத்துக்கு 240 சுற்று போதும். 48 வோல்ட்டின் 6,240 சுற்றை 240க்கு இறக்க 26க்கு 1 வேண்டும், ஒரு சங்கிலியில் முடியாது. முதல் படிக்கு பல் பெல்ட், இரண்டாவதுக்குச் சைக்கிள் சங்கிலி என்று நினைத்திருக்கிறேன். 40 அம்பியரில் மோட்டர் தருவது ஏறத்தாழ 3 நியூட்டன் மீற்றர், 26ஆல் பெருகிச் சில்லுக்குப் போகும்போது எழுபதைத் தாண்டும். அந்த இழுவைக்குச் சாதாரண சைக்கிள் சங்கிலி தாங்குமா, மோட்டர் சைக்கிள் சங்கிலிக்கே போக வேண்டுமா? பூட்டி ஓடியவர்கள் யாராவது சொல்லுங்கள்.