ஒப்பீட்டுச் சொற்களை மகனுக்குப் பழக்க வழி கூறுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருகோணமலையில் வசிக்கிறோம். எங்கள் ஒன்பது வயது மகனுக்கு ஆட்டிசம் உண்டு. பொருட்களின் பெயர்களைத் தயக்கமின்றிச் சொல்லும் அவன், நெத்தலியையும் சூடையையும் அருகருகே வைத்து 'எது பெரியது?' என்று கேட்டால் சூடையைத் தொடுகிறான். அதே சூடையைப் பாரை மீனுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாலும் சூடையைத்தான் தொடுகிறான். 'பெரியது' என்பதைச் சூடையின் பெயராகவே அவன் பிடித்துக்கொண்டான் என்று நினைக்கிறேன். நம் மொழியில் ஒப்பிடும்போதும் 'பெரிய' என்ற சொல் மாறுவதில்லை. 'நெத்தலியைவிட' என்பதில் ஒட்டியிருக்கும் சிறிய 'விட'தான் முழுப் பொருளையும் சுமக்கிறது, அது அவன் காதில் பதிவதில்லை.

ஒரே பொருளைப் பல சோடிகளில் மாற்றி மாற்றி வைத்துப் பழக்குகிறேன், சிறிது முன்னேற்றம் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒப்பீடுதான் கடினமாக இருக்கிறது: பழைய இரண்டு ரூபாய்க் குற்றி ஐந்து ரூபாய்க் குற்றியைவிட அகலமானது, ஆனால் பெறுமதி குறைந்தது என்பதை அவனுக்கு எவ்வாறு புரியவைப்பது?

'பெரியது', 'சிறியது' இரண்டையும் ஒன்றாகக் கற்பிப்பதா, ஒன்று உறுதியான பின் மற்றதா என்பதைத் தமிழில் கற்பித்த பெற்றோரும் ஆசிரியரும் தயவுசெய்து கூறுங்கள். இப்பகுதியில் தமிழில் பயிற்சி தரும் பேச்சு மொழிச் சிகிச்சையாளரை அறிந்திருந்தால் அதையும் தெரிவியுங்கள்.