கை செய்கிறது, படிவம் காலியாக இருக்கிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் ரெசிடென்சி (மருத்துவர்களுக்கான சிறப்புத் துறைப் பயிற்சி) முடித்த அண்ணன், அக்காமார் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். நான் பொது மருத்துவத்தில் இரண்டாம் ஆண்டு.

2010-ல், அமெரிக்காவில் மருத்துவர் பயிற்சிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏசிஜிஎம்இ அமைப்பின் முறையைத் தழுவி இங்கே ரெசிடென்சி வந்தது. ஆண்டு ஓடினால் மட்டும் போதாது, திறனைக் காட்ட வேண்டும். சரி, நியாயம்தான். மூத்தவர் பக்கத்திலேயே நிற்க வேண்டுமா, கூப்பிட்டால் வந்தால் போதுமா, தனியே விடலாமா என்று நம்பிக்கையைப் படிப்படியாக அளக்கிறார்கள்.

என் சிக்கல் வேறு. போன வாரம் இரவுப் பணியில் ஒரு தாத்தாவுக்கு முதுகுத்தண்டு நீர் எடுத்தேன். முதல் குத்திலேயே தெளிவாகச் சொட்டியது. அருகில் நின்ற மூத்தவர், "நல்லா செஞ்சே" என்று தோளைத் தட்டிவிட்டு அடுத்த வார்டுக்கு ஓடிவிட்டார். பார்த்ததை அவர் எழுதித் தர வேண்டிய மதிப்பீட்டுப் படிவம்? மூன்று முறை நினைவூட்டிவிட்டேன், இன்னும் காலிதான். இன்னொரு நாள் கன்சல்டன்ட் முன்னால் கை நடுங்கி இரண்டு முறை தவறியது. பதிவில் ஏறியது அது மட்டும்தான்!

அடுத்த மாதம் மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. பணி தொடங்கும் முன்பே "இன்றைக்கு என்னைக் கவனித்து எழுதுங்கள்" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமா? நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்? அப்புறம், அந்தப் பழைய படிவத்துக்கு நான்காவது முறை நச்சரிக்கலாமா?