வயர் குழுவின் 1977 மேடைப் பதிவு: வேகத்தைச் சரிசெய்ய உதவி தேவை

லண்டனின் வயர் (Wire) என்ற பங்க் ராக் குழு 1977இல் வாசித்ததைப் பார்வையாளர் ஒருவர் பதிந்த கேசட்டின் நகல் என்னிடம் உள்ளது. அது வேகமாக ஓடுவதாகத் தோன்றுகிறது. நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தைத் திருத்தியும், வேறொரு கேசட் டெக்கில் ஓட்டியும் மாற்றமில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் லண்டனின் ரோக்சி கிளப்பில் அவர்கள் வாசித்துப் பதிவானவற்றோடு ஒப்பிட்டபோது சுருதி அரைச்சுரத்திற்குச் சற்றுக் குறைவாக ஏறியிருந்தது. ஆனால் மேடையில் கிதார்களைச் செவியால் மட்டுமே சுருதி சேர்த்திருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பத் தயங்குகிறேன்.

பங்க்கின் அவசரத்திலிருந்து 1978இன் ‘சேர்ஸ் மிஸ்ஸிங்’ தொகுப்பை நோக்கி அவர்கள் நகரத் தொடங்கிய காலம் இது என்பதால், வேகத்தைத் தவறாகக் குறைத்தால் இல்லாத மாற்றம் இருப்பதுபோல் கேட்கும்.

பாடல்களுக்கிடையே 50, 52 ஹெர்ட்ஸ் என இரண்டு மின் ரீங்காரங்கள் கேட்கின்றன. 52ஐ அரங்கின் ஆம்ப்ளிஃபயர்களில் இருந்து வந்த பிரிட்டனின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமாகக் கொண்டு, வேகத்தைச் சுமார் 4 விழுக்காடு குறைப்பது சரியா?